தலச்சோறு

என் மகளின் மூளையில் எந்த நொதி எந்த வேகத்தில் வேலை செய்கிறது? இதை எப்படித் தெரிந்துகொள்வது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. குழந்தை முந்திப் பிறந்தாலும் மூச்சு விட வேண்டுமே என்று, அதன் நுரையீரல் முதிர எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அவளோ சாவகாசமாக, மாதம் நிறைந்த பிறகுதான் வந்தாள். ஆனால் நான் உயிர்வேதியியல் படித்தவள். அந்த ஹார்மோன் நுரையீரலோடு நிற்காது. மூளைச் செல்லுக்குள்ளும் போகும், மரபணுக்களைத் தட்டி எழுப்பும், சில நொதிகளைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்போது அது எலிக்குஞ்சின் மூளை. நிம்மதியாக எழுதினேன்.

மகளுக்கு ஆறு மாதம் ஆனதும் டாக்டரிடம் மலையாளத்தில் கேட்டே விட்டேன். அவர் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார். இவள் அதைப் பிடுங்கி வாயில் வைத்தாள்.

"தலச்சோறினு ஒரு குழப்பவும் இல்ல. பேடிக்கண்டா" என்றார். மூளைக்கு ஒரு கோளாறும் இல்லை, பயப்படாதே என்று அர்த்தம்.

மட்டாஞ்சேரியில் பிறந்த எனக்கு இது புரியும். கூட வந்த என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு திருநெல்வேலியிலிருந்து வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். தலைப்பிள்ளை மாதிரித் தலைச்சோறு, அதாவது குழந்தையின் முதல் சோறு என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் சோற்றைக் குழைய வடித்து, பக்கத்து வீட்டுச் சேச்சியையும் அழைத்துவிட்டார்.

"எந்தா விசேஷம்?" என்றார் சேச்சி.

"பாப்பாவுக்குத் தலச்சோறு, சேச்சி!"

"அய்யோ! தலச்சோறினு எந்து பற்றி?" மூளைக்கு என்ன ஆயிற்று என்று சேச்சி நெஞ்சில் கைவைத்தார்.

"பத்தும் சேச்சி, நெறைய கெடக்கு. நெய் விட்டுப் பெசஞ்சாச்சு. நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போணும்."

நான் ஓடிவந்து விளக்கினேன். சேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூளைக்குத் தலச்சோறுன்னா, சோத்துக்கு என்ன சொல்லுவாங்க?" என்று என்னிடம் கேட்டார் கணவர்.

"சோறுதான்."

"பொறவு என்னைய ஏன் மொறைக்க?"

மகள் முதல் வாய்ச் சோற்றை அப்பாவின் சட்டையில் துப்பிவிட்டு, விடாமல் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், இந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமோ, ஏதாவது ஒரு நொதி அவசரப்படுகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரை நம்புகிறேன். நம்பிவிட்டு மறுபடியும் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறேன். இதே ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களே, பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சும்மா பார்க்க உங்களால் எப்படி முடிந்தது? தயவுசெய்து எழுதுங்கள்.