கறுப்புப் பெட்டியைச் சுற்றி ஓர் அங்குலம்

மீன்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை எழுதும்போது எனக்கே படபடக்கும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில், உப்பைக் கரைத்துக் கடல் வளர்க்கும் ஆசை என் கணவருடையது. அதிலுள்ள ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டும் எங்கள் ஐந்து வயது மகளுடையவை. தொட்டியின் மூலையில் உயரமான ஒரு கறுப்புப் பெட்டி. மேல் விளிம்பில் சீப்புப் பற்கள் போல வெட்டுகள். நிரம்பும் தண்ணீர் அந்தப் பற்களுக்கு இடையே வழிந்து, அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து ஒரு மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும்.

"பெட்டிகிட்ட மட்டும் மணல் ஒரு இஞ்சுக்கு மேல வேணாம்" என்று கணவர் சொல்லியிருந்தார். சொன்னதை மீறுகிறவள் இல்லை நான். ஆனால் நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி மலையும் குளமும் செய்து முடித்தபின், அருகிலிருந்த தொட்டியில் அந்தக் கறுப்புப் பெட்டி கண்ணை உறுத்தியது. வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் அதைத்தானே பார்ப்பார்கள்? மிச்சமிருந்த ஒரு பை பவள மணலை அரிசி போல நாலு தண்ணீரில் களைந்து, பெட்டியை ஒட்டி அங்கேயும் ஒரு மலை எழுப்பினேன். மகள் கை தட்டினாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், சமையலறையில் இருந்தபோது தண்ணீர் விழும் சத்தம் நின்றுபோனது. ஓடி வந்து பார்த்தேன். தொட்டிக்குள் அலை உண்டாக்கும் சின்ன விசிறி, மலையை ஊதி ஊதி மணலைப் பெட்டிக்குள் தள்ளியிருந்தது. அது கீழே இறங்கி மோட்டாரை அடைத்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொன்மலையில் வேலையிலிருந்த கணவர் ஃபோனை எடுக்கவில்லை. மீன் வாங்கிய தில்லை நகர்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"மணல் எவ்ளோ ஒசரம் இருக்குங்க?"

"ஒரு அரை அடி."

"அரை அடியா! ஏங்க்கா, மீனுக்கு மாடி வீடு கட்டப் போறீங்களா?"

"கொலுவுக்கு மலைங்க."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அது காதில் விழுந்திருக்க வேண்டும், குரல் தணிந்தது.

"பயப்படாதீங்க. மோட்டாரு, விசிறி ரெண்டு பிளக்கையும் பிடுங்கிட்டு, விசிறிய மேல்பக்கமா திருப்பி, அத மட்டும் போடுங்க. மீனுக்குக் காத்து கெடைக்கும். மணலக் கையால அள்ளாதீங்க, டியூப் வச்சு உறிஞ்சி எடுங்க. ஆனா அடியில கறுப்பா இருந்தா தொடாதீங்க. கெட்ட வாயு கிளம்பும், மீன் தாங்காது."

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இல்லை, சாம்பல் நிறமோ? டார்ச் அடித்துப் பார்த்தேன். மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"வெள்ளைதாம்மா. எத்தன தடவ கேப்ப?" என்றாள் மகள்.

அவர் சொன்னபடி பிளக்குகளைப் பிடுங்கி, விசிறியை மேலே திருப்பிப் போட்டேன். டியூபை வாளிக்குள் விட்டு, மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மகளின் ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்து அளந்தேன். ஓர் அங்குலம். மறுபடியும் அளந்தேன். மோட்டாரைக் கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உள்ளே சுழலும் சக்கரத்திலிருந்த மணலைத் துடைத்தேன். திருப்பி மாட்டி ஸ்விட்சைப் போட்டபோது எதுவும் நடக்கவில்லை. சரியாக மாட்டவில்லையா? ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டேன். பிறகு மோட்டாரிலிருந்து ஒரு செருமல். மேல்தொட்டி நிரம்பி, பற்களுக்கு இடையே தண்ணீர் வழிந்து விழ ஆரம்பித்தது.

மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் ஒரு சிட்டிகை இரை போட்டாள். சின்னது முதலில் கவ்வியது, பெரியது அதைத் துரத்திக்கொண்டு வந்தது. இன்னொரு சிட்டிகை நான் போட்டேன். அதிகமாகிவிட்டதோ என்று உடனே கவலை. இரண்டும் ஒன்று விடாமல் தின்று தீர்த்தன.