பதினெட்டிலிருந்து கழித்தது போக

காலையில் அலுவலகம் போனதும், காபிக்குக்கூட எழுந்து போகாமல் நான் செய்யும் முதல் காரியம் பதினெட்டிலிருந்து நேற்றைக் கழிப்பது. நேற்று மெல்பர்னின் சராசரி வெப்பம் பதினொன்று என்றால் மீதி ஏழு. அந்த ஏழுதான் நேற்றைய குளிர். சராசரி பதினெட்டைத் தாண்டிவிட்டால் குளிர் பூஜ்யம். அன்றைக்கு இந்த நகரத்தில் யாருக்கும் ஹீட்டர் தேவைப்படவில்லை என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்படி நாள்தோறும் மிஞ்சுகிற குளிரையெல்லாம் வருஷக்கணக்கில் கூட்டி, ஊர் எவ்வளவு சூடு கேட்கிறது, இன்னும் இருபது வருஷம் கழித்து எவ்வளவு கேட்கும் என்று சொல்வதற்கு ஓர் எரிவாயு நிறுவனம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. நம் ஊரில் இதற்கு ஜோசியம் என்று பெயர். இங்கே அனலிஸ்ட் என்று கழுத்தில் அட்டை மாட்டிவிடுகிறார்கள்.

இதற்கு எல்லாவிதத்திலும் தகுதியானவன் நான். பிறந்தது கரூர் பரமத்தி. வருஷத்தில் பத்து மாதம் எங்கள் ஊரை யாரும் சீந்தமாட்டார்கள். கத்திரி வெயில் நெருங்கியதும் தொலைக்காட்சிச் செய்தியின் கடைசியில் "இன்று அதிகபட்சமாக" என்று ஆரம்பித்து எங்கள் பெயரைச் சொல்வார்கள். சில நாள் வேலூர் எங்களை முந்திவிடும். அன்று டீக்கடையில் ஆட்கள் கொஞ்சம் சோர்ந்துதான் இருப்பார்கள். அங்கே ஹீட்டர் என்றால் குளியலறையில் வெந்நீர் போடுகிற சாமான், அதுவும் மார்கழியில் பத்து நாள். இந்த மண்ணிலிருந்து ஒருவனைத் தேடிப் பிடித்து, விமானம் ஏற்றி, குளிரை எண்ணச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில், குளிர்காலத்தோடு உங்கள் அனுபவம் எப்படி என்று கேட்டார்கள். எனக்கு அதன்மீது முன்விரோதம் எதுவும் இல்லை என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பக்கத்து மேசை கிரெய்க், குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்திலும் அரைக்கால் டிராயரில் வருகிற மனிதர். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், லிஃப்டில் என்னைப் பார்த்ததும், "என்ன, குளிர் போதுமா உனக்கு?" என்று கேட்டார். ஒரு மனிதர் அக்கறையாகக் கேட்கிறாரே என்று, நேற்றைய கணக்குப்படி ஏழு, நீண்டகாலச் சராசரியைவிடக் குறைவுதான், ஆகவே போதவில்லை என்றே சொல்லவேண்டும் என்று பதில் சொன்னேன். லிஃப்டில் இருந்தவர்கள் எல்லாரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இந்த ஊரில் வணக்கம் சொல்லும் முறை, பதில் சொல்லக்கூடாது என்பது எனக்குப் புரிய அடுத்த ஜூலை வந்துவிட்டது.

எங்கள் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். இடது ஓரத்தில் பழைய வருஷங்கள், வலது ஓரத்தில் இனி வரப்போகிறவை. கோடு இடமிருந்து வலமாக மெல்லச் சரிந்துகொண்டே போகும். அதாவது குளிர்காலம் இளகுகிறது. நகரம் கேட்கிற சூடு குறைகிறது. வானத்தைக் கெடுத்து வைத்ததற்கு இப்படி ஓர் உபரி வருமானம். கோடையில் இன்னொரு கோடு எதிர்ப்பக்கமாக ஏறுகிறதே என்று யாராவது கேட்டால், அது வேறு துறை, மூன்றாம் மாடி என்று கை காட்டிவிடுவோம். மூன்றாம் மாடிக்காரர்களை நாங்கள் மதியச் சாப்பாட்டில்கூடச் சந்திப்பதில்லை.

இந்த வரைபடத்தை அலுவலகத்தோடு விட்டிருக்க வேண்டும். புறநகரில் டாண்டினாங் பக்கம் நாங்கள் வாங்கிய பழைய செங்கல் வீட்டில், தரையில் அங்கங்கே சல்லடை வைத்து எல்லா அறைக்கும் சூடான காற்றை அனுப்பும் காஸ் ஹீட்டர் ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் முன்பு அது உயிரை விட்டது. புதிது வைக்கலாம் என்றாள் என் மனைவி சுமதி. நான் மடிக்கணினியைத் திறந்தேன். புது ஹீட்டரின் ஆயுள் இவ்வளவு, அதற்குள் குளிர் இவ்வளவு இறங்கிவிடும், ஆகவே ஹாலில் ஒரு ஸ்பிளிட் ஏசி மாட்டி அதிலேயே சூடு வைத்துக்கொண்டால் தாராளம் என்று கோட்டைக் காட்டி விளக்கினேன். "ஏனுங்க, ராத்திரிக்கு இந்தக் கோட்டப் போத்திக்கிட்டுத் தூங்கச் சொல்றீங்களா?" என்றாள். படித்தவன் பேச்சை வீட்டில் யார் மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏசியை மட்டும் மாட்டினேன்.

போன வருஷம் ஏப்ரலில் அப்பா கரூர் கடைவீதியில் மயங்கி விழுந்தார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறவர். லாரி புக்கிங் ஆபீஸில் நாற்பது வருஷம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்த மனிதர், வெயில் எனக்குப் பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டு நண்பகலில் கத்தரிக்காய் வாங்கப் போயிருக்கிறார். தெருவில் போனவர்கள் தூக்கி நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, மோர் கொடுத்து, அவர் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்கள். இனி நீங்கள் அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். விசா கிடைத்ததும் ஜூன் தொடக்கத்தில் கூட்டிவந்தேன். அப்பாவை வெயிலிலிருந்து காப்பாற்றிய மகன் என்று உறவு வட்டத்தில் எனக்கு நல்ல பெயர். அவருக்குக் கடைசி அறையைக் கொடுத்தேன். வீட்டிலேயே அமைதியான அறை. ஹாலிலிருந்து இரண்டு மூலை திரும்பிப் போகவேண்டும். சூடான காற்றுக்கு மூலை திரும்பத் தெரியாது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேசையில், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சந்தோஷமாகச் சொன்னேன். பழைய காலத்தில் இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், இப்போது அதெல்லாம் குறைந்துவிட்டது, ஜனங்கள் பழக்கதோஷத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். குரங்குத் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாக அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஹால் ஏசியை அவர் அணைத்துவிடுவார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரத்திலிருந்து அப்பா காலையில் நடக்கப் போக ஆரம்பித்தார். ஒன்பதரைக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத் திரும்புகிறார் என்று சுமதி விடுமுறை நாளில் கவனித்துச் சொன்னாள். கையில் ஒரு துணிப்பை. மனிதர் ஊரோடு ஒட்டிவிட்டார், பூங்காவில் நண்பர்கள் பிடித்திருப்பார் என்று எனக்குப் பெருமை. கிரெய்க்கிடம்கூடச் சொன்னேன். உன் அப்பா கெட்டிக்காரர் என்றார். சுமதிக்கு மட்டும் வேறு சந்தேகம். "மாமாவோட வேட்டி ஒன்னு மட்டும் நூலு நூலா வருது. நான் அதத் தொவைக்கப் போட்டே ஒரு மாசமாச்சு" என்றாள். வேட்டி பழசாகியிருக்கும் என்றேன்.

ஜூலையில் ஒரு நாள், கூட்டத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல், அப்பாவின் சட்டைப் பையில் நான் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்துக் கூப்பிடுவதாகச் சொன்னது. கரூர் கடைவீதிதான் என் கண்ணுக்குள் வந்தது. ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார், நேரில் வா என்று சொல்லி முகவரி கொடுத்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்ட்ரி.

உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. சுவரோரம் வரிசையாகத் துணி உலர்த்தும் எந்திரங்கள். அதில் ஒன்றின் வட்டக் கண்ணாடிக்குள் ஒரே ஒரு வெள்ளை வேட்டி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே பெஞ்சில், ஸ்வெட்டர் தொப்பி எல்லாவற்றையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் முன்கையை நான் பார்த்தது அன்றுதான்.

கடையை நடத்தும் மரியா கிரேக்கப் பெண்மணி, அறுபது வயதிருக்கும். என்னைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். தினமும் வருகிறார், ஈரமில்லாத ஒரே துணியைப் போட்டுக் காயவைக்கிறார், நான் சூப் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார், மொழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, "இவருக்கு வீடு இருக்கிறதா?" என்று கேட்டார். மூலையில் ஒரு பையில், தர்மத்துக்கு வாங்கி வைத்த போர்வைகள் இரண்டு.

"இருக்கிறது. என்னோடுதான் இருக்கிறார்" என்றேன். என் கழுத்து அட்டையில் சின்ன நெருப்புக்கொழுந்துச் சின்னம் உண்டு. அதை அவர் எட்டிப் பார்த்தார். காஸ் கம்பெனியா, அங்கே உனக்கு என்ன வேலை என்றார். மக்களுக்கு எவ்வளவு சூடு தேவை என்று கணக்கெடுப்பது என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போர்வைப் பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, என்னிடம் சொல்லியிருக்கலாமே அப்பா என்று கோபத்தோடுதான் கேட்டேன். மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும்.

"என்னன்னு சொல்றது கண்ணு? நீ படிச்சவன். அதையே தொழிலா வெச்சுப் பாக்கறவன். குளிரு கொறஞ்சு போச்சுன்னு நீ சொல்றே. அப்பறமும் எனக்கு நடுங்குதுன்னா, என் ஒடம்புலதான் என்னமோ கோளாறுன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பையன்மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு மனிதர் ஆறு வாரம் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

அன்று மாலையே கடைசி அறைக்கு ஒரு ஹீட்டர் வாங்கினேன். மறுநாள் அலுவலகத்தில் கிரெய்க்கிடம், இந்தப் பதினெட்டு யாருடைய பதினெட்டு என்று கேட்டேன். அது எல்லாருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட், நண்பா என்றார். அதற்குக் கீழே போனால்தான் மனிதர்களுக்குக் குளிரும் என்று முடிவு செய்த மனிதர் எந்த ஊர்க்காரர் என்றேன். அவர் சற்று யோசித்து, "உனக்குப் பத்தொன்பது வேண்டுமா?" என்றார். நல்ல மனிதர், பேரத்துக்குக்கூட இறங்கி வந்தார். யாரும் பார்க்காத நேரம் பதினெட்டை அழித்துவிட்டு, கரூர் உடம்புக்கு ஏற்றபடி இருபத்தெட்டு போட்டேன். கோடு திரையின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. சரிவு அப்படியேதான் இருந்தது, குளிர் குறைவது பொய்யில்லை. ஆனால் என் அப்பா பார்க்கும்படியான காலத்துக்குள் அது கீழே வந்துசேரப் போவதில்லை. பிறகு பழையபடி பதினெட்டை வைத்துச் சேமித்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் மேலாளர், ஆக மக்களுக்குச் சௌகரியம் கூடுகிறது, நல்ல செய்திதானே என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்கடன் இருக்கிறது.

செப்டம்பரில், மரமெல்லாம் பூத்து ஊரே சட்டையைக் கழற்றுகிற சமயத்தில், அப்பா ஊருக்குப் போகிறேன் என்றார். இனிமேல் இங்கே நன்றாக இருக்கும், அங்கேதான் அடுத்த கோடை வரும் என்று எவ்வளவோ சொன்னேன். "அங்க விழுந்தேன், நாலு பேரு தூக்குனாங்க. இங்க விழுகவே இல்லியே கண்ணு, அதனால யாருக்கும் தெரியாமப் போச்சு" என்றார். கரூர் வீட்டுப் படுக்கையறையில் ஏசி மாட்ட ஏற்பாடு செய்தேன். கோடையில் பதினோரு மணிக்கு மேல் வெளியே கால் வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விமானம் ஏற்றிவிட்டேன்.

இப்போது மே மாதம். அங்கே கத்திரி, இங்கே குளிர் ஆரம்பம். இன்று வேலை முடிந்து வந்து, ஹால் கதவைச் சாத்தி, ஏசியில் சூடு வைத்துவிட்டு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் மதியம் இரண்டு மணி. அவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏசிய எத்தனைல வெச்சிருக்கீங்க அப்பா?"

"இருவத்தஞ்சு. நீயி?"

"நானும் அதுதான்."

இருவரும் கொஞ்சம் சிரித்தோம். கரூரும் இல்லை, மெல்பர்னும் இல்லை. இருபத்தைந்து டிகிரியில் ஒரு சின்ன ஊர், அதில் நாங்கள் இரண்டு பேர் குடியிருந்தோம். சாப்பிட்டாயா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது அவர் பக்கத்து விளக்கு அணைந்தது. ஏசியின் ரீங்காரம் நின்றது. "கரன்டு போயிருச்சு" என்ற குரல் பாதியில் அறுந்து, படம் உறைந்து, திரை கறுத்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி போகவில்லை. என் தலைக்குமேல் சூடான காற்று இதமாக வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஹால் ஏசியை அணைத்தேன். இங்கே மிச்சமாகிற மின்சாரம் ஒன்றும் அங்கே போய்ச் சேரப்போவதில்லை என்பது, இத்தனை வருஷம் இதையே தொழிலாகப் பார்க்கிற எனக்குத் தெரியாதா என்ன. அணைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தேன்.