வலிக்காத குதிகால்

என் இடது குதிகால் வெடித்து வலித்தபோதெல்லாம் நான் பயப்படவில்லை. வலி நின்றபோதும் பயப்படவில்லை, ஊரெல்லாம் பெருமையடித்தேன். புத்தி அப்படி.

புந்தோங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறேன். வெயில் காலத்தில் சிலிப்பரோடு கிளச் மிதித்து மிதித்து, குதிகால் வற்றிப்போன ஈயச் சுரங்கக் குட்டை மாதிரி பாளம் பாளமாகப் பிளந்துவிட்டது. காலையில் தரையில் கால் வைத்தால் கத்தி கீறியதுபோல இருக்கும். அப்பா ரப்பர் மரம் சீவிய காலத்தில், வெடிப்பில் இரண்டு சொட்டு ரப்பர் பாலை விட்டுக் காயவைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார். இப்போது அந்தத் தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பாலுக்கு எங்கே போவது? ஹார்ட்வேர் கடையில், விரலில் பட்டால் விரலே ஒட்டிக்கொள்ளும் கம் ஒன்றை வாங்கி வெடிப்பில் பிதுக்கினேன். நாலைந்து நாளில் வலி போயே போச்சு. பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாய்மார்களிடம்கூட அந்த வைத்தியத்தைச் சொன்னேன். நல்லவேளை, என் பேச்சை யாரும் கேட்கிற வழக்கமில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, மனைவி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து கூடம் வரை சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். நான்தான் சோயா கிச்சாப் சிந்திவிட்டேன் என்று திட்டிக்கொண்டே துடைத்து வந்தாள். புள்ளிகள் என் நாற்காலியடியில் வந்து முடிந்தன. என் காலைத் தூக்கிப் பார்த்தவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

கம் ஒரு பக்கம் பெயர்ந்து, அடியில் சீழும் ரத்தமுமாக இருந்தது. “வலிக்கலையா?” என்று கேட்டாள். அதுதான் விஷயம். வலிக்கவில்லை.

எனக்குப் பல வருஷமாக இனிப்பு நீர் வியாதி. மருந்து, ஞாபகம் வந்தால் போடுவேன். என்னோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்த கூட்டாளிக்கும் இப்படி ஒரு வெடிப்பில்தான் ஆரம்பித்தது. இப்போது அவனுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. பார்க்கப் போனபோது, “சிலிப்பர் இனிமே ஒண்ணு வாங்கினா போதும்டா மச்சான்” என்று நான் ஜோக்கடித்தேன். அவன் சிரித்தான். அது சிரிப்புதானா என்று கிளினிக்குக்குப் போகும் வழியில்தான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. இடது கால் போனால் கிளச்சை யார் மிதிப்பது?

நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப் பெண்தான், மகள் வயது இருக்கும். என்னைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். கையில் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான நைலான் இழை. அதனால் பாதத்தில் அங்கங்கே தொடுவாளாம். தெரிந்தால் நான் ‘ஆமா’ சொல்ல வேண்டுமாம்.

பரீட்சை என்றால் நான் தேறும் விதம் ஒன்று உண்டு. அவள் நாற்காலி கிறீச்சிடுவதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கிறீச், ஒரு ஆமா. கொஞ்சம் விட்டு இன்னொரு ஆமா.

“அங்கிள்.”

“ஆமா.”

“நான் இன்னும் தொடவே இல்ல.”

மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை ஏமாற்றத் தைரியமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஓரிடத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது, ஆமா என்றேன். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. தொடுகிறாளா, சும்மா இருக்கிறாளா? கூட்டாளியின் மடித்துச் செருகிய கைலிதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கட்டைவிரல் அடியில் உணர்ச்சி இல்லை, மற்ற இடங்களில் குறைந்திருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை என்றாள். சர்க்கரை ஏறிக்கிடந்தால் நரம்பு மரத்துப்போகும். பாதத்தில் வேர்வையும் வராது, அதனால்தான் தோல் காய்ந்து வெடிக்கிறது. நான் ஒட்டிய கம் வலியைப் போக்கவில்லை, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. டாக்டர் வந்து பார்த்து, எலும்பு வரை போகவில்லை என்று மாத்திரை எழுதினார்.

மிஸ்ஸி கம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, காயத்துக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். சுரீர் என்று உச்சந்தலை வரை ஏறியது.

“வலிக்குதா அங்கிள்?”

“வலிக்குது லா,” என்றேன். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

மனைவி அப்போதுதான் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். அழுதாளா என்று நான் கவனிக்கவில்லை; நானே அழுதுகொண்டிருந்தேன்.

காயம் ஆறிய பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் மிஸ்ஸி மனைவியிடம்தான் சொன்னாள். என்மேல் நம்பிக்கை போய்விட்டது. தினமும் கழுவித் துடைத்துக் குதிகாலுக்குக் களிம்பு, விரலிடுக்கில் கூடாது. பிளேடால் தோலைச் சீவக் கூடாது. கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். வெளியே போனால் குதிகால் மூடின சப்பாத்து. வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மனைவி முகம் மாறியது. எங்கள் வீட்டு வாசல்படியைச் சிலிப்பர் தாண்டியதே கிடையாது. ஆனாலும் வரும் வழியில் புதுசாக ஒரு ஜோடி வாங்கி, கழுவி, அவளே என் காலில் மாட்டிவிட்டாள். “சாமி மேடைக்கு முன்னால மட்டும் கழட்டிடுங்க” என்றாள்.

காயம் ஆறி மாதக்கணக்காகிறது. அங்கே மட்டும் கழற்றுகிறேன். கழற்றியதும் முதலில் குனிந்து குதிகாலைப் பார்க்கிறேன். அப்புறம்தான் சாமியை.