சேங்கொட்டைச் சாட்சி

சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் பிசுபிசுவென்று கறுத்த பால் கசியும். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் அரிப்பது போலிருக்கும். நாங்குநேரிக்குத் தெற்கே எங்கள் ஊரில் துணி வெளுத்துவந்த மாடத்தி, அந்தப் பாலைத் தொட்டுத்தான் அந்தந்த வீட்டு வேட்டி முனையில் ‘குறி’ போடுவாள். எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. வைத்தியர் அதே கொட்டையின் நஞ்சை முறித்துத் தோல் நோய்க்கு லேகியம் கிண்டுவார். பால் பட்டால் தோல் கறுத்துக் கொப்புளிக்கும், மரத்தடியில் நின்றாலே முகம் வீங்கும் என்று மலையடிவாரத்துப் பக்கம் எங்களை விடமாட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், மடைத் தண்ணீருக்காக அப்பாவுக்கும் எதிர்வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கும் வாய்ச்சண்டை வந்தது. மறுநாள் காலையில் அண்ணாச்சி போலீஸ் ஏட்டைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா கம்பால் அடித்துவிட்டதாகப் புகார். அவர் துண்டை விலக்கியதும் தோளிலும் விலாவிலும் கறுத்த தடிப்புகள் பட்டை பட்டையாகத் தெரிந்தன.

“நான் அவரைத் தொடவே இல்லை” என்றார் அப்பா.

“அதைப் போலீஸ் கச்சேரியில வந்து சொல்லும்வே” என்று ஏட்டு அப்பாவின் கையைப் பிடித்தார்.

அழுக்குத்துணி எடுக்க வந்து ஒதுங்கி நின்ற மாடத்தி மூட்டையை இறக்கி வைத்தாள். “ஏட்டய்யா, கம்படி வலிக்கும், அரிக்காது. அவுக வந்ததுலேருந்து சொறியுதாக. வெரலைப் பாருங்க.”

“உனக்கு இங்கன என்ன வேலை? போ” என்றார் அண்ணாச்சி, பைய.

“போறேன்யா. நேத்துச் சாயங்காலம் குறி போடணும்னு எங்கிட்ட நாலு கொட்டை வாங்குனீகள்லா? அதையும் சொல்லிட்டுப் போறேன்.”

ஏட்டு அண்ணாச்சியின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் நீர்க்கொப்புளங்கள்; தடிப்புகளின் ஓரத்திலும் அதே கொப்புளங்கள். அப்பாவின் கையை விட்டுவிட்டு, அண்ணாச்சியை முன்னால் நடக்கச் சொன்னார்.

போலீஸ் எச்சரித்து அனுப்பிவிட, திரும்பி வந்த அண்ணாச்சியின் சொல்லுக்குத் தெரு கட்டுப்பட்டது. வீடு வீடாக மாடத்திக்குத் துணி போடுவதை நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம் அப்பாவும் நிறுத்தினார். அம்மா கேட்டபோது, “ஏளா, ஊரைப் பகைச்சுக்கிட்டு எப்படி இருக்க?” என்றார், சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். மாடத்தி பிள்ளைகளோடு திசையன்விளைப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். கடையில் வாங்கிய மசியில் குறி போடுகிறார்கள். கச்சேரிப் படி மிதிக்காத மனுஷர் என்று அப்பாவை ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. சாகும்வரை அவர் ஒருநாளும் மாடத்தியின் பெயரைச் சொன்னதில்லை.