என் தங்கச்சியின் உப்பில்லாச் சம்பல்

என் தங்கச்சி சுமித்ரா, றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். போன வருடம் அவளுடைய வலது கண்ணில் புரை விழுந்தது. கூடையில் முற்றிய இலையும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பார்த்தால் பிரஷர் நூற்றெண்பத்தைந்து! பிரஷருக்கான குளிசையைத் தவறாமல் போட்டு, உப்பைக் குறைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார் டொக்டர் நோனா; பெண் டொக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அன்றிரவே உப்பைக் குறைத்துச் சமைத்தேன். தங்கச்சி தட்டைத் தள்ளினாள்.

"இதத் திங்கிறதுக்கு நான் ஒத்தக் கண்ணோடயே இருந்துட்டுப் போறேன் அக்கா!"

ஆனால் விடிந்ததும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நைமிரிஸ் மிளகாய்ச் செடி நிற்கிறது. அந்தக் கொச்சிக்காயில் ஒன்றைக் கடித்தால் காது அடைக்கும். அதில் நான்கு, சின்ன வெங்காயம் எட்டு, அரை மூடித் தேங்காய், ஒரு முழுத் தேசிக்காயின் புளிப்புச் சாறு, எல்லாம் சேர்த்துச் சட்னி போல ஒரு சம்பல் அரைத்தாள். உப்பு ஒரு கல்லும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். ரொட்டியில் தொட்டுத் தின்றவளுக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர்.

"அக்கா! எரியிற எரிச்சல்ல நாக்கு உப்பத் தேடவே இல்ல!"

ஒரு மாதம் கழித்துப் பிரஷர் பார்த்தோம். நூற்றெழுபத்தெட்டு. எனக்குக் கோபம் வந்தது.

"எனக்குத் தெரியாம கருவாடு திங்கிறியா?"

"சத்தியமா இல்லக்கா!"

மறுநாள் பகல் அவள் வேலை செய்யும் மலைக்கே போனேன். போனதும் விளங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்த சம்பலை மற்றவர் ரொட்டியில் வைக்கிறார்கள். தங்கச்சியின் சம்பல் ஊராருக்குப் போய்விட்டது. அவள் ரொட்டியில், கூடக் கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் கருவாட்டுச் சம்பல், இன்னொருத்தியின் மாசிச் சம்பல், ஊறுகாய். எல்லாம் உப்பு!

"வேணாம்னு சொன்னா மொகத்தத் தூக்கி வச்சிக்குவாங்கக்கா," என்றாள்.

மூளை இருக்கிறதே, என் தங்கச்சிக்கு! மறுநாள் ஒன்பது பேருக்கும் போதுமான சம்பலை ஒரு பெரிய டின்னில் கொண்டுபோனாள்.

"இதத் தின்னுட்டுத் தண்ணி கேக்காதவ யாரு, பாப்போம்!"

அழகம்மா விடுவாளா? ஒரு வாய் வைத்தாள். "அடியே, காதுல பொக வருதுடி!" என்று கத்திக்கொண்டே அடுத்த ரொட்டியை நீட்டினாள். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், மற்றவர்கள் சம்பல் அரைப்பதையே விட்டுவிட்டார்கள். உப்பில்லை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

குறித்த நாளில் பிரஷர் நூற்று முப்பத்தாறு! நான் சம்பல் கதையைச் சொன்னதும் டொக்டர் நோனா சிரித்துவிட்டார். கொச்சிக்காய் பிரஷருக்கு மருந்தில்லையாம். குளிசையும் உப்பைக் குறைத்ததும்தான் வேலை செய்தனவாம். உறைப்பு இருந்ததால் உப்பில்லாமல் சாப்பிட முடிந்ததாம். வயிறு எரிந்தால் நிறுத்தவும் சொன்னார். அன்றே ஒப்பரேஷன் முடிந்தது.

டொக்டர் சொன்ன ஓய்வு முடிந்து மலைக்குப் போனவள், கையில் சம்பல் டின்னோடு அழகம்மா முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ அழகம்மாக்கா, ஒங்க தலையெல்லாம் எப்பங்க நரைச்சிச்சு?"

"கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல இதத்தான் பாத்தியா? எடு அந்தச் சம்பல!" என்றாள் அழகம்மா.