பகலில் மட்டும் பறக்கிறவன்

என் தம்பி விமானம் ஓட்டுகிறான் என்று சொன்னால் போதும், கேட்பவர் முகத்தில் ஒரு ஆசை வந்து உட்காரும். "அப்போ உங்களுக்கெல்லாம் டிக்கெட் ஓசியா?" என்பார்கள். அவன் விமானத்தில் டிக்கெட்டே கிடையாது. ஏறினால் அவன் ஒருவன்தான். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டு, பெரிய கேமரா ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். வரைபடம் தயாரிப்பவர்களுக்கு மேலிருந்து நிலத்தைப் படம் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராகப் பறக்க வேண்டும், திரும்ப வேண்டும், கொஞ்சம் தள்ளி மறுபடியும் நேராகப் பறக்க வேண்டும். ஏர் ஓட்டுகிற மாதிரிதான். முன்பு கேமராவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூட வருவார். பிறகு கேமரா தானாகவே எடுக்கக் கற்றுக்கொண்டது, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருட்டுவதற்குள் அவன் இறங்கிவிட வேண்டும். லைசென்ஸில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பகலில் மட்டும் என்று. அதனால் கம்பெனியில் அவனுக்குக் கோழி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன கோழி, அடையிற நேரம் ஆச்சா?" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் கண் செய்த வேலை. பச்சை, சிவப்பு, பழுப்பு இதெல்லாம் அவனுக்கு ஒன்றோடொன்று கலந்துபோகும். எங்கள் தாய்மாமனுக்கும் இதே கதைதான். சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும். ஒரு சித்தி, மாலைக்கண் என்று அவளாகவே முடிவுகட்டி, பை நிறைய கேரட் வாங்கி வந்தாள். கேரட் என்ன நிறம் என்று அவனையே கேட்கவும் செய்தாள்!

நான் வேலை பார்ப்பது பெயிண்ட் கடையில். வருகிறவர்கள் ஒரு துண்டுச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்து, இதே கலர் வேண்டும் என்பார்கள். நான் கலந்து கொடுப்பேன். அக்காவுக்கு இந்தப் பிழைப்பு, தம்பிக்கு அந்தக் கண். ஒருமுறை எங்கள் வீட்டுப் பச்சை கேட்டில் துரு பிடித்த இடங்களுக்கெல்லாம், நான் ஊரில் இல்லாதபோது, அவனே பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். பழுப்பு பெயிண்ட். கேட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து நிறுத்தினேன்.

அவனுக்கு விமானப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. பைலட் படிப்புக்கான கண் பரிசோதனையில் டாக்டர் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த அட்டைகளைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டாராம். இவன் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறான். எண்ணே இல்லாத அட்டைக்கும் சொல்லியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நிறம் கேட்டால் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், யோசித்தால் சிரிப்பார்கள். அப்பா "போதும்டா, வேற வேலை பாரு" என்றார். இவன் கேட்கவில்லை. அலையாய் அலைந்து, பகலில் மட்டும் ஓட்டலாம் என்ற லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவனைத் தவிர யாருக்கும் சந்தோஷமில்லை.

கூடப் படித்தவர்களெல்லாம் பெரிய விமானங்களுக்குப் போய்விட்டார்கள். இவன் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பெண் வீட்டார், கண்ணில் கோளாறாமே என்று நழுவிக்கொண்டார்கள். பிறகு நாங்களும் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "வேறென்னக்கா, வேறென்னக்கா" என்று இழுத்துக்கொண்டே இருப்பான். சொல்ல ஒன்றும் இருக்காது, வைக்கவும் மனம் வராது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வழி திறந்தது. விமான நிலைய டவரிலிருந்து காட்டுகிற விளக்கின் நிறத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பகல் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவார்களாம். ரேடியோ பழுதாகிப்போனால் பைலட்டோடு பேச டவருக்கு அந்த விளக்குதான் வாய். பச்சை என்றால் இறங்கு, சிவப்பு என்றால் இறங்காதே, தரையில் ஓடும்போது வெள்ளை என்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்பு. பரீட்சை ஒரே தடவைதான். தேறினால் சரக்கு விமானக் கம்பெனி ஒன்று துணை பைலட்டாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. தவறினால் கடைசிவரை பகல்தான்.

"இப்ப சம்பளம் நல்லாத்தானேடா வருது, எதுக்கு இந்த வயசுல பரீட்சை?" என்று கேட்டேன்.

"சம்பளத்துக்கு இல்லக்கா. அதுல ரெண்டு பேரு. பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருப்பார்" என்றான்.

பரீட்சை நாள் வந்தது. கடைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். என்னை வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் அவனும் பரீட்சை வைக்க வந்த அதிகாரியும் நின்றார்கள். அதிகாரி வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். ரேடியோவில் அவர் ஏதோ சொல்ல, டவர் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வந்தது.

"சிவப்பு" என்றான். அடுத்ததற்கு "பச்சை" என்றான். அடுத்ததற்கு "வெள்ளை". மூன்றும் சரி என்று எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு அது கைவந்த வேலை.

நான்காவது விளக்கு வந்த சமயம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு எண்ணெய் லாரி குறுக்கே வந்தது. என் பக்கத்திலிருந்து டவரையே மறைத்துக்கொண்டு, அசைந்து அசைந்து, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகத்தில் போனது.

"தெரியுதா?" என்றார் அதிகாரி.

"தெரியலை சார்."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். ஐந்து, ஆறு என்று மிச்சத்தையும் காட்டினார்கள். இவன் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு இவன் தோளில் கை வைத்து, "சாரிப்பா, எல்லாம் சரியா இருந்தாத்தான் குடுக்க முடியும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! லாரி மறைத்ததால் விளக்கு தெரியவில்லை என்று பிள்ளை சொல்கிறான், அந்த மனுஷன் நிறம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு பரீட்சையை முடித்துவிட்டார். நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருந்து தொலைக்கிறதே! பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். "லாரிதானேடா மறைச்சுது? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றேன். "ம்" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விடுவேனா நான்? அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். வாசலில் இருந்தவர் உள்ளே கேட்கச் சொன்னார், உள்ளே இருந்தவர் வாசலில் கேட்கச் சொன்னார். கடைசியில் அந்த அதிகாரியையே பிடித்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன், பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"லாரி போனது நிஜம்தாம்மா. நானும் பார்த்தேன்" என்றார். அன்றைக்குக் குறித்த தாளை எடுத்துப் பார்த்தார். "மறைச்சிருந்தா அது பரீட்சையே இல்லை. கூட்டிட்டு வாங்க, மறுபடி வெச்சுடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் சொன்னால் ருசிக்காது என்று நேராக அவன் அறைக்கே போனேன். அவன் வேலை முடிந்து வந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவன் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தான்.

"நான் போகலைக்கா."

"என்னடா சொல்றே? உனக்கென்ன கிறுக்கா? எவ்வளவு அலைஞ்சிருக்கேன் தெரியுமா? கடையில லீவு கேட்டுக் கேட்டு அந்த முதலாளி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறான்..."

"லாரி அப்புறம்தான் வந்துச்சு."

"எதுக்கு அப்புறம்?" என்றேன்.

"விளக்கு தெரிஞ்சுதுக்கா. லாரி வர்றதுக்கு முன்னாடியே நல்லாத் தெரிஞ்சுது. பச்சையா, வெள்ளையான்னுதான் தெரியலை."

அவன் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். எனக்காக யாரும் இவ்வளவு சண்டை போட்டதில்லையா... கேட்டுட்டே இருக்கலாம்போல இருந்துச்சு" என்றான்.

திட்டாமல் நயமாகவே கேட்டுப் பார்த்தேன். முதல் மூன்றைச் சரியாகத்தானே சொன்னான், இன்னொரு தடவை நின்றால் ஆறும் சரியாக வராதா?

"சிவப்பு நிஜமாவே தெரிஞ்சுது. மத்த ரெண்டும் குருட்டாம்போக்குல அடிச்சேன், விழுந்துடுச்சு. நாலாவதுக்கும் அடிச்சிருப்பேன். அதுக்குள்ள அவர் 'தெரியுதா'ன்னு கேட்டுட்டார்க்கா. யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்ன கலர், என்ன கலர்னுதான் கேப்பாங்க." பட்டனை இழுத்துப் பார்த்துக்கொண்டான். "மறுபடி போனா ஆறும் விழலாம். லைசென்ஸ் குடுத்துடுவாங்க. அப்புறம் ஒரு நாள் ரேடியோ போகும், கீழேருந்து விளக்கு காட்டுவாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் என்னை நம்பித்தானே கேப்பார்? அவர்கிட்டயும் குருட்டாம்போக்குல அடிக்கச் சொல்றியா?"

பெயிண்டாக இருந்தால் எதையாவது கலந்து சரி பண்ணியிருப்பேன். அழுகை வந்தது, அவன் எதிரில் அழுதேன். அவன் தேற்ற வரவில்லை. அவனுக்கு அது பழக்கமில்லை. எழுந்துபோய் டீ போட்டான்.

"அப்போ கடைசிவரைக்கும் தனியாத்தான் ஓட்டுவியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா" என்றான்.

அந்த அறையில் ஒரே ஒரு கப்தான் இருந்தது. அதில் எனக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அடுப்போரமாக நின்றான். பிறகு அதை வாங்கிக் கழுவி, தனக்கும் ஊற்றிக்கொண்டான்.