பன்னிரண்டாம் பாடம்

போன வாரம் கம்பத்திலிருந்து குமுளி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூடலூர் தாண்டியதும் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். திராட்சைக்கு மருந்தடிக்கும் வாசனை உள்ளே வந்தது. அது வாசனையா நாற்றமா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. கந்தகமும் மயில்துத்தமும் ஈர இலையும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். எனக்கு ஈஸ்வரண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ஈஸ்வரண்ணன் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். அவருடைய வெள்ளைச் சட்டையின் கை நுனியில் எத்தனை துவைத்தாலும் போகாத மயில்துத்த நீலம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே சட்டையோடு ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். மனைவி எஸ்தரக்கா பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர். இவர் அப்படியில்லை. சொந்தபந்தமெல்லாம் அவர் வீட்டுத் தெருவில்தான். ஆறு வருஷமாக அவர் ஆலயத்துக்கு வருவதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறார், போகிறார், அவ்வளவுதானே என்று இருந்தார்கள்.

நான் அப்போது அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆலயத்தில் சபை ஊழியன். வயது இருபத்தாறு. ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் பண்ணலாம், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கலாம். ஞானஸ்நானம் கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும்; குருப்பட்டத்துக்கு இறையியல் படிப்பு வேண்டும். அதனால் தபாலில் படித்தேன். காக்கி உறையில் பாடங்கள் வரும். மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு. கிரேக்க எழுத்துகளை சைக்கிள் மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்து இரண்டு தடவை வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறேன். படித்த சொல்லை அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் இறக்கிவிடுவேன். ஒருநாள் ஈஸ்வரண்ணன் ஆலய வாசலில் சொன்னார், "போன வாரம் நல்லாப் புரிஞ்சது ஐயா. இந்த வாரம் நீங்க படிச்சிட்டு வந்துட்டீக."

அந்த வருஷம் ஆனிக் காற்று ஆரம்பித்தபோதே அவருக்கு இருமலும் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆனிக் காற்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மலை இடுக்கு வழியாக இறங்கி வந்து கூரைத் தகடுகளை இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கும். தேனியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். நுரையீரல் என்றார் அவர். அதற்கு மேல் எஸ்தரக்காவிடம் தனியாகப் பேசினார்.

அதற்குப் பிறகுதான் ஈஸ்வரண்ணன் ஞானஸ்நானம் கேட்டார். "எனக்குப் புதுப் பேரெல்லாம் வேணாம் ஐயா. தண்ணி மட்டும் போதும்."

குருப்பட்டம் பெற்ற ஆயர் தேனியில் இருந்தார்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊருக்கு வருவார். போன் செய்தேன். வரும்போது கொடுக்கிறேன், அதற்குள் பாடம் சொல்லிக் கொடுத்துவை என்றார். அவர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு எதிரே, புளியமரத்தடியில், ஈஸ்வரண்ணனின் தம்பி தங்கவேல் மோட்டார் பைக்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஆராதனை முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கூட்டம் கலைந்ததும் நானே போய் வணக்கம் சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணன் தலையில தண்ணி ஊத்துனா, அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு எனக்கே தெரியல ஐயா."

அதற்குப் பிறகு வாசலில் பைக் சத்தம் கேட்டாலே படித்துக்கொண்டிருந்த வரி மறந்துவிடும்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, மதுரைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றேன். மறுநாள் வகுப்பும் பரீட்சையும். எஸ்தரக்கா வேகமாக வந்தார்.

"மூச்சு ரொம்ப வாங்குது தம்பி. உங்களத்தான் கேக்குறாக. நீங்களே ஊத்தக் கூடாதா?"

"எனக்குப் பட்டம் இல்லக்கா. நான் தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை ஆயரே வர்றாரு."

நான் சொன்னது விதி. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் தங்கவேல் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். அக்கா அங்கேயே நின்றார்.

மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தும் டீச்சரம்மா மெதுவான குரலில் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசினார். கைதூக்கிக் கேட்டேன், "பட்டம் வாங்காத ஊழியன் கொடுக்கலாமா?"

"சாகக் கிடக்கிறவங்களுக்கு, ஆயர் பக்கத்துல இல்லேன்னா, எந்த விசுவாசியும் கொடுக்கலாம். தண்ணியும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவிங்கற மூணு நாமமும் போதும். பன்னிரண்டாம் பாடத்துல இருக்கே, வாசிக்கலையா?"

வாசிக்கவில்லை. பரீட்சைக்குப் பத்துப் பாடம்தான் என்பதால் அந்த உறையை நான் பிரிக்கவே இல்லை. ஒரு மாதமாக என் மேஜையில் கிடந்தது.

பரீட்சை எழுதாமல் கிளம்பினேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து எஸ்தரக்கா நம்பரை அழைத்துக்கொண்டே வந்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. உசிலம்பட்டியில் எடுக்கவில்லை. ஆண்டிபட்டியில் எடுக்கவில்லை. தேனியில் பஸ் மாறியபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

வெயில் சாயும் நேரம் தெருவுக்குள் நுழைந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் பந்தல் துணி படபடத்தது. என்னைப் பார்த்ததும் தங்கவேல் எழுந்து நேராக வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தோளைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல் வரைக்கும் கூட்டிப்போனார்.

"காலையில பத்து மணிக்குப் போயிட்டாக. அதுக்கு முந்தி தண்ணி தண்ணின்னாக. குடிக்கக் குடுத்தேன். வேணாம்னு தலையத் தொட்டுக் காட்டுனாக. மதினி நர்ச கூப்பிடப் போயிருந்துச்சு. வேற ஆளில்ல. நானே ஊத்திட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"எங்கள விட்டுப் பிரிஞ்சு போயிருவாகன்னுதான் பயந்தேன். ஆனா அப்படிக் கேக்கையில என்ன செய்ய? செல்லுமா ஐயா?"

எந்த விசுவாசியும் கொடுக்கலாம் என்பது பாடம். தங்கவேல் விசுவாசி இல்லை. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் சட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"ஆயரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்பக்கம் போனார். அன்றே அவர்களுடைய முறைப்படி எடுத்துப்போய் எரித்தார்கள். மறுநாள் ஆயர் வந்தார், எல்லாவற்றையும் சொன்னேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுத வழியில்லை என்றார். அந்தப் பதிலைத் தங்கவேலிடம் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. புளியமரத்தடிக்கு அவர் அப்புறம் வரவில்லை. முதல் மாதம் அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, பாருங்கள்.

அடுத்த முறை பரீட்சை எழுதினேன். தேறினேன். குருப்பட்டமும் வந்தது. எத்தனையோ தலைகளில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இன்றைக்குத் தங்கவேல் கேட்டால், செல்லும் என்று அந்தத் துவைக்கிற கல் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

போன வாரம் அந்த பஸ்ஸில் கூடலூர் தாண்டியதும், அந்த ஊரில் இறங்கிப் பார்க்கலாமா என்று நினைத்து, இறங்கவில்லை. எஸ்தரக்கா மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். வீட்டை இடித்து ஏலக்காய் குடோன் கட்டியிருக்கிறார்கள். தங்கவேல் போன மாசியில் இறந்துபோனார். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தண்ணீர் ஊற்றும்போது என்ன சொல்லி ஊற்றினார் என்று ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர்.